அன்னலட்சுமி அக்கா அடைத்த யன்னல்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் இராசதுரை ஐயா அவர்களே, கோயிலிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோரே, சோதனைச்சாவடிதோறும் இறங்கி ஏறி இந்த மண்டபத்தை அடைந்த அன்னையரே, அக்காமாரே, அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

நான் றீற்றா. திருகோணமலை நகரில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்பவள். யன்னல் இடுக்கை அடைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இடுக்கென்ன இமயமா, இதற்கொரு மேடையா என்று பின்னால் யாரோ சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள் அண்ணை. வாடைக்காற்று மழையை வாரிக்கொண்டு வந்து உங்கள் பாயில் ஊற்றும்போது யார் சிரிப்பார்கள் என்று பார்ப்போம்.

குச்சவெளி அன்னலட்சுமி அக்கா மூன்று வருடம் முகாமில் இருந்துவிட்டு, சென்ற ஆண்டு தன் வீட்டுக்குத் திரும்பினார். கூரை இருந்தது, கதவு இருந்தது. யன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் வெடிப்பும் இருந்தது. சீமெந்து பூசினார். தொலைவில் ஷெல் விழுந்தது, சுவர் அதிர்ந்தது, சீமெந்து உதிர்ந்தது. மீண்டும் பூசினார். மீண்டும் உதிர்ந்தது. மகள் புஷ்பவதிக்கோ அப்போது எட்டாம் மாதம்.

“மழை உள்ளுக்க வந்தா பச்சைப் பிள்ளையை எங்க வளத்துறது? திரும்பவும் முகாமுக்குத்தான் போகவேணும்,” என்று என் கடையில் நின்று சொன்னார்.

நான், காய்ந்தால் றப்பர் மாதிரி இழுபடும் சிலிக்கன் பசை ஒரு குழாயும், அதை அழுத்தும் கருவியும் எடுத்துக் கொடுத்தேன். “பூசினாக் காணும் அக்கா,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதுதான் என் பிழை.

அந்தக் கருவியைக் கடையில் நாங்கள் ‘கன்’ என்போம், இங்கிலீசில் துப்பாக்கி. துவக்கு மாதிரிப் பிடியும் உண்டு, விசையும் உண்டு. அக்கா பஸ்ஸில் ஊர் திரும்பும்போது சாவடியில் ஒரு சிப்பாய் அதைத் தூக்கிப் பிடித்து, “இது என்ன?” என்றான். நாக்கு நுனிவரை வந்த சொல்லை அக்கா விழுங்கிக்கொண்டார். “யன்னலுக்குப் பசை பூசிறது தம்பி. வேணுமெண்டா அமத்திப் பாருங்கோ.” அவன் அழுத்தினான். வெள்ளைப் பசை அவன் சப்பாத்தில் விழுந்தது. பஸ்ஸில் எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன்தான் முதலில் சிரித்தானாம்.

ஆனால் பத்தாம் நாள் அக்கா மறுபடி கடைக்கு வந்தார். கையில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டி.

“தங்கச்சி, தோலை உரிச்ச மாதிரி வந்திட்டுது. என்னால ஏலாது. நாங்கள் முகாமுக்குப் போறம்.”

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் குச்சவெளி பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால், ஈரச் சுவரின்மேல், பழைய சுண்ணாம்புத் தூளின்மேல் பூசியிருக்கிறார். தூளில் ஒட்டியது சுவரில் ஒட்டுமா? போதாததற்கு, உள்ளே வரும் தண்ணீர் வெளியே வடியச் சட்டத்தின் அடியில் இருந்த சின்னத் துளையையும் அடைத்துவிட்டார்.

இருவரும் குந்தியிருந்து பழையதைக் கத்தியால் சுரண்டினோம். தூசி தட்டினோம். வெயில் சுவரைக் காயவைக்கும்வரை தேத்தண்ணி குடித்தோம். குழாயின் நுனியைச் சிறிதாக, சரிவாக வெட்டினேன். “நிப்பாட்டாமல் ஒரே இழுவையா இழுங்கோ அக்கா,” என்றேன். முதல் கோடு பாம்பு போல நெளிந்தது, வழித்தெறிந்தோம். இரண்டாவது கோடு நேராக வந்தது. சவர்க்காரத் தண்ணீரில் விரலை நனைத்து மெல்லத் தடவினார். வடிதுளையைத் திறந்துவிட்டோம். ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டார்.

அடுத்த ஞாயிறு மாரி தொடங்கியது. மூன்று நாள் விடாத மழை. நடுவில் துறைமுகப் பக்கம் பீரங்கி முழங்கியது. சுவர் அதிர்ந்தது, பசை இழுபட்டது, திரும்பத் தன் இடத்தில் அமர்ந்தது. புஷ்பவதிக்கு மகள் பிறந்து இன்றைக்கு நாற்பத்தோராம் நாள். அந்த யன்னலுக்கு நேர் கீழேதான் பிள்ளைக்கு ஏணைத் தொட்டில் கட்டியிருக்கிறார்கள்.

என்னம்மா கேட்கிறீர்கள்? ஓம், ஓம், குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்துக்கும் இதே முறைதான். காயவைக்க மறவாதீர்கள்.

சண்டையை நிறுத்த எனக்கும் உங்களுக்கும் ஏலாது. வானத்தை அடைக்க ஏலாது, கடலை அடைக்க ஏலாது. ஆனால் ஒரு விரல் அகல வெடிப்பு ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டுத் துரத்த வந்தால், அதை மறித்து நிற்க நம் கைகளால் ஏலும். அன்னலட்சுமி அக்கா மறித்தார். மழை வெளியே நின்றது, மனிதர் உள்ளே இருந்தார்கள்.

செவி தந்த சபைக்கும், இடம் தந்த சங்கத்துக்கும் நன்றி கூறி, உங்கள் வீடுகள் உலர்ந்திருக்க வாழ்த்தி விடைபெறுகிறேன். வணக்கம்.