நீலக் கட்டைவிரல்

இரவு ஒன்றரை மணி. மண்ணச்சநல்லூரைத் தாண்டிய துறையூர் சாலை. இரண்டு பக்கமும் வயல், எதிரே ஒரு வண்டி கிடையாது. சரக்கு ஏற்றாத ஒரு லாரி மட்டும் ஊளையிட்டுக்கொண்டே போகிறது... ஊஊஊ என்று, பின் அச்சிலிருந்து. ஓட்டுகிறவன் அந்த ஊளையைக் கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறான்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த மூலையில் இருப்பவர் போனைக் கீழே வைத்துவிடுங்கள். ஏன் என்று கடைசியில் தெரியும்.

ஓட்டியவன் பெயர் மருதை. இதோ நம்மோடு உட்கார்ந்திருக்கிற அமிர்தசாமியின் மச்சான். அரியமங்கலத்தில் ஒரு லாரி ஷெட்டில் மெக்கானிக். லாரியின் பின் அச்சுக்கு நடுவில் பானை மாதிரி உப்பியிருக்குமே, அதற்குள் பெரிய கிரவுன் சக்கரமும் அதைச் சுற்றிவிடுகிற சின்ன பினியனும் இருக்கும். அந்த இரண்டையும் பல்லோடு பல் பொருத்துவதுதான் அவன் தொழில். பினியனுக்கு அடியில் வைக்கிற மெல்லிய தகடு, ஷிம் என்பார்கள், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வண்டி ஊளையிடும். பல்லில் நீல மை தடவிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். மை பல்லின் நடுவில் தேய்ந்தால் சரி. ஓரத்துக்குப் போனால் மறுபடி பிரி, மறுபடி மாட்டு.

மருதை நல்ல வேலைக்காரன்தான். ஆனால் அதே ஷெட்டில் பிரிட்டோ இருந்தான். வயதில் இளையவன். மருதை நாள் முழுக்கப் பிரித்து மாட்டுவதை, அவன் மூக்கால் ஏதோ ஒரு ராகத்தை முனகிக்கொண்டே மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவான். முடித்ததும், மை படிந்த கட்டைவிரலால் அந்தப் பானையின் மேல் ஒரு அழுத்து. விரலின் குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு ஒன்று உண்டு, அதுவும் சேர்ந்து பதியும். டிரைவர்கள் குனிந்து அந்த ரேகையைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். மருதை சும்மா நிற்கும்போதே, "பிரிட்டோண்ணன் இல்லையா? அப்ப நாளைக்கு வரேன்" என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

மருதைக்கு வயிறு எரிந்தது. "அண்ணே, வாங்க டீ சாப்பிடலாம்" என்று பிரிட்டோ மரியாதையாகக் கூப்பிடுவான் பாருங்கள், அப்போது இன்னும் எரியும்.

ஒரு நாள் பிரிட்டோ தூக்கத்திலேயே போய்விட்டான். மாரடைப்பு. மேலப்புதூர் வீட்டில் பெட்டியைச் சுற்றி எல்லாரும் அழுதார்கள். மருதை பெட்டிக்குள் கையை விட்டு அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டான். கடைசி மரியாதை என்று ஜனங்கள் நினைத்தார்கள். அவன் மனதில் ஓடியதோ வேறு. 'இந்தக் கை எனக்கு வாய்ச்சிருக்கக் கூடாதா...'

ஜில்லிட்டுக் கிடந்த விரல்கள் ஒரு நொடி அவன் விரல்களை இறுக்கின மாதிரி இருந்தது. வெடுக்கென்று உருவிக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மருதை மாட்டிய கிரவுன் எல்லாம் முதல் சுற்றிலேயே சரியாக உட்கார்ந்தது. ஊளை என்ற பேச்சே இல்லை. சந்தோஷப்பட வேண்டியவன்தான். ஆனால் டிரைவர் கலீல் ஓடி வந்து சொன்னான்: "மருதைண்ணே, வண்டி வழுக்கிக்கிட்டுப் போகுது. அப்படியே பிரிட்டோண்ணன் கை!"

செத்தும் அவன் பெயர்தானா? மருதைக்கு நெஞ்சு கொதித்தது. தன் பெயர் சொல்ல ஒரே ஒரு கிரவுன் வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. அடுத்த முறை கலீல் வேறொரு லாரியைக் கொண்டுவந்து விட்டபோது, வேண்டுமென்றே ஒரு ஷிம்மை உருவி எறிந்தான். மை பல்லின் ஓரத்துக்குப் போனதைக் கண்ணால் பார்த்தான். பார்த்துவிட்டே மாட்டினான். கத்தட்டும். கத்தினாலும் அது மருதையின் கிரவுன்.

"ராத்திரி ரோடு காலியா இருக்கும், சத்தம் நல்லாக் கேக்கும். நானே ஓட்டிப் பாத்துடுறேன்" என்று சொல்லிக் கலீலை வீட்டுக்கு அனுப்பினான்.

காவிரிப் பாலம் ஏறும்போதே ஊளை பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் ஸ்ரீரங்கத்துக் கோபுர விளக்கு தெரிந்தது, மறைந்தது. கொள்ளிடம் தாண்டியும் ஊளை. மருதைக்கு அப்படி ஓர் ஆனந்தம்... இதில் எவன் கையும் இல்லை.

மண்ணச்சநல்லூர் போனது. வயல்வெளி வந்தது.

ஊளை நின்றது.

தேய்ந்து நிற்கவில்லை. சட்டென்று நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்தான்... இல்லை. காலை எடுத்தான்... இல்லை. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இன்ஜின் சத்தத்துக்கு அடியில் வேறொன்று கேட்டது. ம்ம்ம்... ம்ம்... மூக்கால் முனகுகிற அந்த ராகம். கேபினுக்குள்ளேயே.

பக்கத்து சீட்டைப் பார்த்தான். காலி. பின்னால் திரும்பினான். யாரும் இல்லை. அப்புறம்தான் தன் உதடு மூடியிருப்பதும் மூக்கு அதிர்வதும் தெரிந்தது. முனகியது அவன்தான். வாழ்நாளில் ஒரு பாட்டை முனகியவன் இல்லை மருதை.

ஓரங்கட்டினான். டார்ச்சோடு வண்டிக்கு அடியில் ஊர்ந்தான். சூடான கியர் ஆயில் வாடை... அதற்கு நடுவே சாம்பிராணியும், பெட்டியில் வைத்த சம்பங்கியும். பானையின் மேல் ஈரம் காயாமல் ஒரு நீலக் கட்டைவிரல் ரேகை. குறுக்கே தழும்பு.

"இது என் வேலைடா!" என்று கத்திக்கொண்டே துணியால் அதைத் துடைத்தான். ஆத்திரம் அடங்கவில்லை. துணியில் ஒட்டிய மையைத் தொட்டு, அதே இடத்தில் தன் கட்டைவிரலை அழுத்தினான். டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனான்.

குறுக்கே தழும்பு.

தன் விரலைத் திருப்பிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது, ஒரு கீறல் கூட இல்லை. மறுபடி அழுத்தினான்... தழும்பு.

அதோடு மருதை ஷெட்டுப் பக்கமே போகவில்லை. தில்லை நகரில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வாட்ச்மேன் ஆகிவிட்டான். எதிரே செல்போன் கடை. ஒரு நாள் சாயங்காலம் அந்தக் கடையிலிருந்து பிரிட்டோவின் மனைவி லிசி இறங்கி வந்தாள். மருதையைப் பார்த்ததும் நின்றாள்.

"மருதைண்ணே, நல்லா இருக்கீங்களா? அவரு போனுண்ணே இது. யாராலயும் தொறக்க முடியல. புள்ளைங்க போட்டோ எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு. அவரு ரேகை இருந்தாத்தான் தொறக்குமாம். சார்ஜ் மட்டும் தினம் போட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க ஒரு தடவ பாருங்கண்ணே."

வாங்கக் கூடாது என்றுதான் மருதை நினைத்தான். கை அதற்குள் நீண்டுவிட்டது. கட்டைவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது.

டிக்.

போன் திறந்துகொண்டது.

லிசி போனைப் பார்க்கவில்லை. மருதையின் முகத்தையும் பார்க்கவில்லை. அவன் கட்டைவிரலைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள் பேசுகிற குரலில், மெதுவாகக் கேட்டாள்.

"எப்ப வந்தீங்க?"