எழுநூற்றிருபது கோடு போதும்

வவுனியா பஸ் நிலையம். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். மூத்தவாவின் காலடியில் புது எச்டி ரீவிப் பெட்டி.

"தெளிவு குறைஞ்சதாப் பாத்துத்தான் வாங்கினனான்" எண்டா.

இளையவாவுக்கு விளங்கவில்லை. "ஏனக்கா? படத்தில ஆயிரத்தெண்பது கோடு உள்ள ரீவியெண்டால் மயிர்க்காலும் தெரியுமாம்."

"அதுதான் பயம். கனடாவில நடந்த மகன்ர கலியாண சீடி வந்திருக்கு. மருமகளுக்கு அனுப்பவெண்டு நான் வைச்சிருந்த கூறைச்சேலையை எலி கடிச்சுப்போட்டுது. கனடாவுக்குக் கொண்டுபோற ஆள் அப்ப வாசலில நிண்டது. சேலைக் கரையில நூல் உருவி, அதாலயே தைச்சுக் குடுத்துவிட்டனான். இனிப் படம் பாக்க ஊரே வருமெல்லோ."

"ஐயோ!"

"கடையில சீடியைப் போட்டுப் பாத்தன். எழுநூற்றிருபது கோட்டு ரீவியில தையல் தெரியேல்லை. ஆயிரத்தெண்பதிலயும் தெரியேல்லை. சீடியில இல்லாத தெளிவை எந்த ரீவியும் காட்டாதாம். பேந்தென்ன, மலிவானதையே தூக்கினன்."

"அப்ப தப்பினீங்கள். மருமகளுக்கும் தெரியாதோ?"

அவா சிரித்தா.

"நேற்றுப் போனில கேட்டன், கூறை வடிவோ பிள்ளை எண்டு. 'வடிவு மாமி. மணவறையில பயம் வரேக்க, நீங்கள் தைச்ச இடத்தைத்தான் பிடிச்சுக்கொண்டிருந்தனான்' எண்டாள்."