செல்லோடேப் ஒட்டிய கேசட்

“வெறும் கேசட்டா, லேய்? அவருக்க சத்தம்லே அது.”

“எனக்கு எப்பிடிக்கா தெரியும்? பேரு எழுதி வச்சிருந்தியா?”

இப்படித்தான் தொடங்கியது. 2004 ஆகஸ்ட். வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. வளைகுடா வெயிலில் நம் ஃபர்வானியா முழுக்க ஏசிக்குள் சுருண்டு கிடந்தது; தெருவில் ஒரு பூனை கூட இல்லை. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது? இந்த ஊரில் மத்தியானம் இரண்டு மணியைப் போல வெறிச்சோடிய நேரம் வேறு எது?

சத்தம் வந்தது பதினான்காம் நம்பர் வீட்டிலிருந்து. ஆமாம், நீங்கள் போன வாரம் குடிவந்தீர்களே, இதே வீடுதான். அதோ அந்த உள்ளறை. நான் எதிர்வீடு. ஒட்டுக்கேட்கவில்லை, என் கதவு திறந்திருந்தது. சரி... நான்தான் திறந்தேன்.

மெழுகுவத்தியை நடுவில் வையுங்கள். கரண்ட் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

கத்தியது சுகிர்தராணி. குளச்சல்காரி, கிளினிக்கில் நர்ஸ். கத்தல் வாங்கியது அவள் தம்பி சஜின். அதே வீட்டின் முன்னறையில் தங்கியிருந்தது என் சிநேகிதி சுபிஷா, அவளும் நர்ஸ். வெள்ளிக்கிழமைதோறும் சஜின் அக்கா வைக்கும் மீன்குழம்புக்கு வருவான். மீன்குழம்புக்கா சுபிஷாவுக்கா என்பது எனக்கு முதல் வாரமே தெரியும்.

சுகிர்தராணியின் புருஷன் ஞானையா பஹ்ரைனில் மீன்பிடி லாஞ்சில் வேலை பார்த்தவர். இவள் இங்கே, அவர் அங்கே. கடிதம் எழுத அவருக்கு வராது. கேசட்டில் பேசி, இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். புது கேசட் எதற்கு? பழைய பாட்டுக் கேசட் போதும். அதன் முதுகில் இரண்டு ஓட்டை இருக்கும். ஓட்டை திறந்திருந்தால் அதன்மேல் பதிய முடியாது. செல்லோடேப் ஒட்டி மூடினால் பதியலாம். பேர் மட்டும் எழுத மாட்டார்கள். எழுதினால் கொண்டுவருகிறவன் போட்டுக் கேட்டுவிடுவான். என்னைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

2000 டிசம்பரில் லாஞ்ச் கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. சேதி வந்த இரண்டாம் நாள் அவருடைய கடைசி கேசட் வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் முழுக்க, முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். இவள் முப்பத்தைந்து நிமிஷம் கேட்டாள். கடைசி பத்து நிமிஷத்தைக் கேட்காமலே நிறுத்தி, அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்காமல் இருப்பேனா? “அதையும் கேட்டுட்டா அவரு முடிஞ்சிருவாருல்லா” என்றாள்.

கிட்டத்தட்ட நான்கு வருஷம் அப்படியே இருந்தது.

சஜின் கம்பெனியில் டேல் என்று ஓர் அமெரிக்க எஞ்சினியர். அந்த மனுஷனுக்கு ஒரே பைத்தியம். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு ராக் கோஷ்டி, நீளமுடிக்காரர்கள். அவர்கள் மேடையில் வாசித்ததையெல்லாம் தேதிவாரியாகச் சேர்த்து வைத்திருந்தார். ஒரு பாட்டைத் தொடங்கினால் எங்கே போகிறோம் என்று அவர்களுக்கே தெரியாமல் நாற்பது நிமிஷம் வாசிப்பார்களாம். அதே பாட்டை நூறு ஊரில் வாசித்தால் நூறும் இவருக்கு வேண்டும். பெரிய ரீலில் இருப்பதைக் கேசட்டில் மாற்றித் தந்தால் வண்டியில் போட்டுக் கேட்பார். சஜின் அறையில் ஆறு பேர், ஓயாத இரைச்சல். அதனால் மெஷினை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தான். பாதியில் வெற்று கேசட் ஒன்று சிக்கி நாசமானது. ஜும்மா நேரம், கடை கிடையாது. அலமாரியைக் குடைந்தான். பேர் இல்லாத கேசட், முதுகில் செல்லோடேப். இதன்மேல் பதியலாம் என்றுதான் வளைகுடாவில் யாரும் நினைப்பார்கள். பதிந்துவிட்டான்.

அன்றைய கூச்சல் அதற்குத்தான்.

“முழுசா அழிஞ்சிருக்காதுலே. அடியில எங்கயாவது இருப்பாரு” என்று அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். பழையதைத் துடைத்துவிட்டுத்தான் மெஷின் புதியதைப் பதியும். அடியில் ஒன்றும் இருக்காது. அவள் கேட்கவில்லை. டக்... பொத்தானை அமுக்கினாள்.

அதிலிருந்து டியூட்டி முடிந்து வந்ததும் அதுதான். கிடாரும் டிரம்மும் சுவரைத் தாண்டி என் மண்டைக்குள் ஓடும். ஜெபமாலை உருட்டிய வீட்டில் இந்தக் கூத்தா என்று நானும் சுபிஷாவும் சிரித்தது உண்மை. சிரிப்பு பத்து நாள்தான் இருந்தது. பதினோராம் நாள் என்னையே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

ஒரு பாட்டு முடிகிறது. கைதட்டல். யாரோ கிடாரைச் சுதி சேர்க்கிறான். கூட்டத்தின் முணுமுணுப்பு. அதில்... தூரத்தில், எங்கேயோ கடைசி வரிசையில், ஒருவர் இருமுகிறார். இரண்டு குட்டை இருமல், ஒரு நீள இருமல். பீடிக்காரர் இருமல்.

பிறகு, “ராணீ...”

அறையில் டீசல் வாடை. நனைந்த வடக்கயிற்று வாடை. கொழுப்பெடுத்துப் போய் உட்கார்ந்த நான் ஜன்னலைப் பார்த்தேன்; சாத்தித்தான் இருந்தது.

அடுத்த வாரம் அந்தக் குரல் கூட்டத்தின் நடுவில் இருந்தது. அதற்கடுத்த வாரம் மைக்குக்குப் பக்கத்தில். கூப்பிடும், மேலே எதுவும் சொல்வதற்குள் டிரம் தொடங்கிவிடும். அவள் டியூட்டிக்குப் போவதை நிறுத்தினாள். கிளினிக்கிலிருந்து போன் மேல் போன். சோறு இறங்கவில்லை. “பத்து நிமிஷம் போதும் அருணாக்கா. அவரு என்ன சொன்னாருன்னு தெரிஞ்சா போதும். பாவி நான், அன்னிக்கே கேட்டிருக்கணும்.” என் கையைப் பிடித்திருந்தவளின் விரல்கள் ஐஸ்.

அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சஜின் முடிவு கட்டினான். டேலிடம் கெஞ்சி மூல ரீலையே கொண்டுவந்தான். அது அமெரிக்காவில் பதிந்தது, அதில் யார் இருக்கப் போகிறார், அதைக் கேட்டால் இவள் தெளிவாள் என்பது அவன் கணக்கு. அட்டையில் தேதி எழுதியிருந்தது: 1972. ஞானையாவுக்கு அப்போது ஏழு வயது. குளச்சல் கடற்கரையில் மூக்கொழுகிக்கொண்டிருந்திருப்பார்.

போட்டான். கைதட்டல். சுதி.

இரண்டு குட்டை இருமல். ஒரு நீள இருமல்.

“ராணீ...”

சஜின் மெஷினின் வயரையே பிடுங்கிவிட்டான். டேல் தன் ஊரில் இதே கச்சேரியை வைத்திருக்கும் இன்னொருவருக்கு மெயில் போட்டார். பதில் வந்தது. அந்த வெளிநாட்டு ஆளா, அவர் எப்போதும் அதில் உண்டு, என்ன மொழி என்றுதான் முப்பது வருஷமாக எங்களுக்குத் தெரியவில்லை என்று.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை. சுகிர்தராணி கேசட்டோடு உள்ளே போய் உள்ளறையைத் தாழ் போட்டுக்கொண்டாள். கேசட்டின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிஷம்தானே? இரண்டு மணிக்குத் தொடங்கியது. நானும் சுபிஷாவும் கதவில் காதை வைத்திருந்தோம். நாற்பத்தைந்தாம் நிமிஷம் பாட்டு நின்றது. ரீல் சுற்றும் சத்தம் நிற்கவில்லை. உஸ்ஸ்... என்று... அதற்குள் ஓர் ஆண்குரல், மெதுவாக, இடைவிடாமல். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. நான் கேட்டும் எனக்குப் பிடிபடாத பேச்சு என் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

சரியாகப் பத்து நிமிஷம். டக்.

வெளியே வந்தவள் தலைசீவி, நல்ல சேலை உடுத்தியிருந்தாள். கையில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு மாதமாக அந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்காத எனக்கு அதுதான் பயமாக இருந்தது. தடுக்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும்... சரி, விடுங்கள்.

டாக்சி ஓட்டிய காதர் மைதீன் பிறகு சொன்னார். ஃபஹாஹீலைத் தாண்டி, கட்டடமே இல்லாத கடலோர ரோட்டில் நிறுத்தச் சொன்னாளாம். “இங்க யாரும்மா இருக்கா?” என்று கேட்டாராம். கூட்டிப் போக ஆள் வரும் என்றாளாம். கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். ரோட்டில் யாரும் இல்லை. கொதிக்கிற தாரில், அவள் நின்ற இடத்திலிருந்து கடல்வரைக்கும் ஈரக் காலடி. இரண்டு ஜோடி.

போலீஸ் தேடியது. கிடைக்கவில்லை. வேலையை விட்டு ஓடிப்போனாள் என்று அவளுக்கு விசா கொடுத்த கஃபீல் எழுதிக் கொடுத்துவிட்டார். கோப்பு முடிந்தது, கலாஸ்.

அடுத்த வருஷம் சஜினும் சுபிஷாவும் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துக்கொண்டு தோஹாவுக்குப் போய்விட்டார்கள். தொழில்பேட்டையில் அவனுக்கு ஏசி ஒர்க் ஷாப். அந்தக் கேசட்டை எறியவும் தைரியமில்லை, போடவும் தைரியமில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றி டூல் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தான். டேல் அமெரிக்காவுக்கே திரும்பிவிட்டார்.

போன மாதம் டேலிடமிருந்து ஒரு மெயில். அந்த 1972 கச்சேரியில் இப்போது ஒரு பெண்குரலும் கேட்கிறதாம். எல்லாருடைய பிரதியிலும். என்ன சொல்கிறாள் என்று கேட்டு, அந்தத் துண்டை மட்டும் இணைத்திருந்தார். சஜின் தொடவில்லை. சுபிஷாதான் கேட்டாள், என் சிநேகிதி ஆயிற்றே, கேட்காமல் இருப்பாளா? கேட்ட கையோடு எனக்குப் போன் போட்டுவிட்டாள்.

கைதட்டல். சுதி. பிறகு, மைக்குக்கு வெகு பக்கத்தில்,

“லேய் சஜினே... செல்லோடேப்ப பிச்சி எடுத்திரு மக்கா. எங்க மேல வேற யாரும் பதிஞ்சிராண்டாம்.”

டூல் பெட்டியைக் கவிழ்த்துக் கேசட்டை எடுத்தார்கள். ஞானையா ஒட்டிய எட்டு வருஷத்து ஒட்டு, காய்ந்து மஞ்சளாகியிருந்தது. சஜின் நகத்தால் நெம்பினான். உரிந்து வந்தது.

அடியில் ஈரம். சுபிஷா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

உப்பு.