பார்வைக்குப் போன கல்

இந்த ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. காலை பத்து மணி, நேர்வெயில் படாத பக்கம், கல் பார்க்க இதுதான் தோது. நீங்கள் மேசையைச் சுவர்ப் பக்கம் போட்டு வீணடித்திருக்கிறீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் பழக்கம். எங்கே போனாலும் முதலில் வெளிச்சத்தைத்தான் பார்ப்பேன்.

என் பெயர் அர்ச்சுனன், தகப்பன் பெயர் மாயாண்டி. பிறந்தது பெடாஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். இன்றைக்கும் அங்கேதான் குடியிருக்கிறேன். சிரம்பானில் சாத்தப்பன் செட்டியார் வைரக்கடையில் இருபத்திரண்டு வருஷமாகக் கல் தரம் பிரிக்கிறேன். போன வருஷம் அந்தக் கடையில் ஒரு கல் காணாமல் போனதும், வீரமுத்து என்பவன் செத்துப்போனதும் உங்கள் கோப்பில் இருக்கும். அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் மலாயில் எழுதிக்கொள்ள வேண்டும், ஆகையால் நிதானமாகவே சொல்கிறேன். அவசரமில்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

வீரமுத்துவும் எங்கள் தோட்டத்துக்காரன்தான். எங்கள் வீட்டுக்கு மூன்று கதவு தள்ளி அவன் வீடு. என்னைவிட ஐந்து வயது இளையவன், அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிடுவான். சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலை பழகியிருந்தான். தொண்ணூற்றாறில் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. வெளிநாட்டு வைர வியாபாரிகள் டெலிபோன் வழியாகக் கம்ப்யூட்டரில் ஒரே பட்டியலைப் பார்த்து வாங்கி விற்கிறார்களாம். நம் கல்லையும் அதில் ஏற்றினால் சிங்கப்பூர்க்காரனும் பம்பாய்க்காரனும் சிரம்பானைத் தேடி வருவான் என்றார். அதற்கு ஆள் வேண்டும் என்றபோது வீரமுத்துவைச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. கல்லைப் பார்த்துத் தரம் சொல்வது நான். எடை, நிறம், உள்ளே இருக்கும் மாசு, வெட்டு என்று நான் சொல்லச் சொல்ல அவன் கட்டம் கட்டமாகத் தட்டுவான். சாயங்காலம் நாலரைக்கு டெலிபோன் கம்பியை ஒரு சின்னப் பெட்டியில் செருகுவான். அது வாலை மிதித்த பூனை மாதிரி கத்தும். கொஞ்ச நேரத்தில் பட்டியல் போய்விட்டது என்பான். அவ்வளவுதான். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து போன் வந்தால் முதலாளி அவன் முதுகைத் தட்டுவார். ஆக்கியவள் அடுப்படியில் கிடக்க, பரிமாறியவள் பேர் வாங்கின கதைதான். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டு அடுத்த கல்லை எடுப்பேன்.

மாடியிலிருந்து முதலாளி வீட்டம்மா கண்ணம்மை ஆச்சி காப்பி அனுப்புவார். எனக்குக் கண்ணாடி கிளாஸ், இருபத்திரண்டு வருஷமாக. தபால்காரருக்கும் அதே கிளாஸ்தான். வீரமுத்து சேர்ந்த மூன்றாம் மாதம் அவனுக்கு வீட்டு வெள்ளி டம்ளரில் காப்பி வந்தது. அதன் அருமை அவனுக்குத் தெரியவில்லை. சூடு தாங்காமல் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டு குடித்தான். வயிறு எரிந்தது ஐயா, மறைக்க மாட்டேன். ஆனால் பின்னால் நடந்ததற்கு அது காரணமில்லை. ஒரு டம்ளருக்காக யாராவது இப்படிச் செய்வார்களா?

எங்கள் ஜனங்களின் ஒரு வழக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். வைரத்தைச் சட்டென்று வாங்கிவிட மாட்டார்கள். அது ஆளைப் பார்த்து நல்லதும் செய்யும், கெட்டதும் செய்யும் என்பது நம்பிக்கை. கல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி அறையில் ஒன்பது நாள் வைத்துப் பார்ப்பார்கள். நோய்நொடி, சண்டை சச்சரவு, கெட்ட கனவு ஒன்றும் வராவிட்டால் கல் ஒத்துக்கொண்டது என்று வாங்குவார்கள். கல் பார்வைக்குப் போயிருக்கிறது என்போம். அந்த ஒன்பது நாளும் அதைப் பற்றி எதிலும் எழுதக் கூடாது. எழுதினால் விற்றதாகிவிடும், அப்புறம் திரும்பி வந்தால் வாழாவெட்டியாக வந்த பெண் மாதிரி, வேறு யாரும் கேட்க மாட்டார்கள் என்பார் ஆச்சி. அதனால் எந்தக் கல் யார் வீட்டில் என்பது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கும். முதலாளிகூடக் கேட்க மாட்டார். ஒருநாளும் பிசகியதில்லை.

பட்டியல் வந்தபிறகு இதில் ஒரு சிக்கல் வந்தது. கையில் இல்லாத கல்லை இருப்பதாக ஏற்றினால் அந்த வியாபாரிகள் கடையையே பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள். ஆகவே தினமும் நாலரைக்கு முன்னால் வீரமுத்து என்னிடம் வந்து, பார்வைக்கு ஏதாவது போயிருக்கிறதா அண்ணே என்று கேட்பான். நான் சொன்னதை எடுத்துவிட்டு மிச்சத்தை ஏற்றுவான். கேட்காமல் ஒருநாளும் ஏற்றியதில்லை. அந்த விஷயத்தில் அவன்மேல் குற்றமே சொல்ல முடியாது.

போன வருஷம் ஜூனில் முதலாளி ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடிக்குக் கிளம்பினார். மூன்று வாரப் பயணம். இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், மற்றது அவர் இடுப்பில். கிளம்பும் அன்று அதை அவிழ்த்து வீரமுத்து கையில் கொடுத்தார். என் எதிரிலேயே.

"அர்ச்சுனா, இனிமே எல்லாத்தையும் இவன் பாத்துக்குவான். நீ கல்ல மட்டும் பாரு, போதும்."

சரிங்க என்றேன். வேறென்ன சொல்ல?

இரண்டு நாள் கழித்துக் கோலா கிளாவாங்கிலிருந்து ராஜமாணிக்கம் வந்தார். மூன்று லாரி வைத்து ஓட்டுகிறவர். மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை மோதிரத்துக்கு ஒற்றைக்கல் வேண்டும் என்றார். ஒன்றரை காரட்டில் ஒரு கல் இருந்தது. எங்கள் பெட்டியிலேயே அதுதான் உயர்ந்த கல். பார்வைக்குக் கொடுத்தேன். வீரமுத்து அப்போது டெலிபோன் பில் கட்டப் போயிருந்தான். சாயங்காலம் வழக்கம்போல வந்து கேட்டான். ஒன்றும் போகவில்லை தம்பி, எல்லாம் இருக்கிறது என்றேன். அன்று எனக்குக் கொஞ்சம் தலைவலி. மறுநாளும் கேட்டான். மறுநாளும் தலைவலிதான்.

ஐந்தாம் நாள் சிங்கப்பூர் வியாபாரி ஒருவர் பட்டியலைப் பார்த்து அதே கல்லைக் கேட்டார். தன் ஆளையே அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். வீரமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்லை எடுத்துக் கொடுங்கள் அண்ணே என்றான். சாவி உன்னிடம்தானே இருக்கிறது, நீயே எடு என்றேன். பெட்டியைத் திறந்தான். கல் மடிக்கும் தாள் அதன் இடத்தில்தான் இருந்தது, மேலே எடை என் கையெழுத்தில். பிரித்தால் உள்ளே ஒன்றுமில்லை. தாளை இரண்டு தடவை உதறிப் பார்த்தான். அப்புறம் இரண்டு பேரும் தரையெல்லாம் பெருக்கி, குப்பையைச் சலித்துப் பார்த்தோம். நானும் அவனுக்குச் சமமாக முட்டிபோட்டுத் தேடினேன்.

கல் வெளியே போனால் அதன் தாளோடு போவதுதான் வழக்கம். அந்த இடம் காலியாக இருந்திருந்தால், பார்வைக்குப் போயிருக்கும் என்று அவனுக்கே பொறி தட்டியிருக்கும். ராஜமாணிக்கத்துக்குப் புதுத் தாளில் மடித்துக் கொடுத்துவிட்டு, பழைய தாளை வெறுமனே மடித்துப் பெட்டியில் வைத்தது நான்தான். தலைவலியோடு அவ்வளவு கச்சிதமாக மடிக்க முடிந்தது எனக்கே ஆச்சரியம்.

ஏழாம் நாள் முதலாளி விமானம் பிடித்து வந்து சேர்ந்தார். அதற்குள் எங்கள் கடையைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஆச்சி மாடிப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று முதலாளி என்னைக் கேட்டார். பார்த்தீர்களா, அப்போதுதான் என் நினைப்பு வருகிறது.

"வீரமுத்து அப்படிச் செய்யற ஆளு இல்லீங்க மொதலாளி," என்றேன். "ஆனா கம்ப்யூட்டர வெச்சு என்னென்ன பண்ணலாம்னு எனக்கு என்னாங்க தெரியும்? நான் கல்ல மட்டும் பாக்கறவன்."

நான் சொன்னதில் பொய் ஒரு வார்த்தை கிடையாது. மறுநாள் போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது. நீங்கள் அப்போது இந்த ஊருக்கே மாற்றலாகி வரவில்லை.

ஒன்பதாம் நாள் பஸ் ஏறிக் கோலா கிளாவாங் போனேன். ராஜமாணிக்கத்தின் மனைவி ராக்கம்மா கல்லை வெற்றிலையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். கல் வந்த நாலாம் நாளே லாரி கவிழ்ந்து அவள் வீட்டுக்காரருக்குக் கை ஒடிந்துபோனதாம். கடையில் கல் தொலைந்த சேதி பிறகு அவர்கள் காதுக்கும் போயிருக்கும். ஆனால் ஒத்துக்கொள்ளாத கல்லைப் பற்றி வாயைத் திறந்தால் தோஷம் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது ஐதீகம். மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு யார் பேசுவார்கள்? அதெல்லாம் எனக்குத் தெரியும்.

கல்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிரம்பான் ஸ்டாண்டில் இறங்கினேன். வீரமுத்து அப்போது லாக்கப்பில் இருந்தான். ஸ்டேஷனுக்கு நடந்தே போயிருக்கலாம், பத்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் பெடாஸ் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

நாலு நாள் கழித்து ஜாமீனில் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தான். நாற்காலி போட்டேன், தரையில் உட்கார்ந்தான். உதடு வெடித்திருந்தது. அவன் தலைக்கு நேர் மேலே அலமாரியில் என் முகப்பவுடர் டின் இருந்தது. கல் அதற்குள்தான் இருந்தது.

"அண்ணே, ஒவ்வொரு கல்லும் ஒங்க தலைக்குள்ள இருக்கும். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க லா. அது பார்வைக்குப் போச்சா? மறந்துட்டேன்னு சொன்னாலும் பரவால்லண்ணே. பழிய நான் பாதி ஏத்துக்கறேன். மொதலாளிகிட்ட ஒங்கள விட்டுக்குடுக்க மாட்டேன்."

அவன் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, ஐயா. தெரியாதா என்று கேட்டிருந்தால் வேறு விஷயம். மறந்துவிட்டீர்களா என்று கேட்கிறான். என்னைப் பார்த்து.

"நான் மறப்பனா தம்பி? இத்தன வருசத்துல ஒரு கல்லு மறந்திருக்கனா?"

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். ஆமாண்ணே, நீங்கள் மறக்க மாட்டீர்கள் என்றான். எழுந்து போய்விட்டான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தெரிந்து என்ன? எதிலும் எழுத்து இல்லை.

புதன்கிழமை மத்தியானம் செம்பனை மரங்களுக்கு நடுவே களைக்கொல்லியைக் குடித்துவிட்டுக் கிடந்தான். தூக்கிவர ஓடியவர்களில் நானும் ஒருவன். பாடையில் முன்பக்கம் தோள் கொடுத்தது நான். அவன் மனைவி பஞ்சாலை என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களாவது அவரை நம்பினீர்களே அண்ணே என்று அழுதாள். ஆமாம் தாயி, அவன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்றேன். அந்தக் கூட்டத்தில் அவளுக்கு உண்மையான ஆறுதல் சொன்னவன் நான் ஒருவன்தான்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஊர் வாயை உலைமூடியால் மூட முடியுமா? பசாரிலும் கோயிலிலும் இன்றைக்கும் அதே பேச்சு. கல்லையே கம்ப்யூட்டர் வழியாகச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டானாம், போலீசே திணறிப்போனதாம். செத்தும் அவன்தான் பெரிய ஆள். போன வாரம் கோலாலம்பூரிலிருந்து முதலாளியின் பங்காளி ஒருவர் கடைக்கு வந்திருந்தார். அவரிடம் முதலாளி இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே சொன்னார்:

"திருட்டுப் பயலா இருந்தாலும் மூளைக்காரப் பய. தாளு மடிச்ச மாதிரி இருக்கு, உள்ள கல்லு இல்ல. எப்பேர்ப்பட்ட யோசனை பாருங்க. இந்தா அர்ச்சுனன் இருக்கான், நல்லவன்தான். நூறு வருசம் இருந்தாலும் இவனுக்கு இப்படித் தோணுமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதற்கப்புறம் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

இதோ, இதுதான் அந்தக் கல். பயப்படாமல் கையில் வாங்கிப் பாருங்கள். எடை போட்டுக்கொள்ளுங்கள், ஒன்றரைக்கு இம்மி குறையாது. நான் வந்தது பஞ்சாலைக்காகத்தான் ஐயா. அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் திருடன் பிள்ளை என்று கூப்பிடுகிறார்களாம். பாவம், அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனசில்லை. வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

முதலாளிக்கு நீங்களே போன் செய்வீர்கள் அல்லவா? வீரமுத்து எடுக்கவில்லை என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அந்தத் தாளை மடித்தது அர்ச்சுனன் என்று முதலில் சொல்லுங்கள்.