மங்கலம் வரைக்கும் நீளும் குழாய்

வில்லியனூரில் ஏறிய பாகூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் மாட்டாஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறாள். மங்கலத்தில் பஸ் நின்றதும் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"ஏறன எடத்துலேந்து இம்மாந்தூரம் வருமாம்டி, நம்ம காளை வெதைக்குள்ள இருக்கற குழாயெல்லாம் பிரிச்சி நீட்டுனா."

"யக்கா, மெதுவா! கண்டக்டரு பாக்கறாரு."

"பாக்கட்டுமே. முடியாட்டம் மெல்லிசுக் குழா, சுருட்டிச் சுருட்டி வெச்சிருக்குது. அதுலதான் உசுரணு உண்டாவுதாம். காலைல எடுத்தாந்தத டாக்டரம்மா மைக்ராஸ்கோப்புல காட்டுச்சி. தலையும் வாலுமா நீந்துதுடி! ஆனா முக்காவாசி சொணங்கிக் கெடக்குது."

"அதான் மாடுங்களுக்கு சினை நிக்கலியா? மாமா வேற யாவாரிக்கு வாக்கு குடுத்துட்டாரு, அடிமாட்டுக்கு."

"தப்பு என்னுதுடி. ஊரு கண்ணு படக்கூடாதுன்னு கறுப்புக் கம்பளியில பை தெச்சி அதுக்கு மாட்டி உட்டேனே. உடம்புச் சூடு ஆவாதுன்னுதான் அது வெளிய தொங்குதாம். நான் போத்திப் போத்தி அவிச்சிட்டேன்."

சின்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"சிரிக்காதடி. பைய அவுத்துட்டா ரெண்டு மாசத்துல புதுசா ஊறிடுமாம்."

மூத்தவள் போனை எடுத்தாள். பஸ் முழுக்கக் கேட்டது.

"இந்தாய்யா, யாவாரிக்கு டீ குடுத்து அனுப்பிடு. காளைய ஏத்தாத... இன்னாது, வண்டி வந்துடுச்சா?"

சின்னவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"ஏறமாட்டேன்னு நிக்குதா? நிக்கட்டும்யா. மங்கலம் வரைக்கும் உள்ள சுருட்டி வெச்சிக்கினு நிக்குது. நீ போயி மொதல்ல அந்தப் பைய அவுரு."