மணைப் பலகையில் லெட்சுமி

"படு! படு! சுடுறான்!"

கங்காணி கத்துகிறார். நான் ரப்பர் மரத்தடியில் குப்புறக் கிடக்கிறேன். காலை ஏழு இருபது. ஆடி மாதம், மூன்றாம் வெள்ளி. காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரச் சர்க்கார் போட்ட அவசரகாலம் தொடங்கி மூன்றாம் வருஷம். மேட்டுப் பக்கமிருந்து காட்டு ஆட்களின் குண்டு ஒற்றை ஒற்றையாக வருகிறது. டக். டக். புலாவ் செபாங் போகிற ரோட்டுப் பக்கமிருந்து பட்டாளத்தின் பதில் வருகிறது. அது நிற்காமல் வருகிறது, தையல் மிஷின் ஓடுகிற மாதிரி. நடுவில் எங்கள் மரங்கள். நடுவில் நாங்கள்.

என் தலைக்கு மேல் மரத்தில் கட்டிய பால் மங்கு உடைகிறது. பால் கழுத்தில் வழிகிறது. இலை கொட்டுகிறது. முருகா, முருகா என்கிறேன்.

நாலு வரிசை தள்ளி என் பெண்சாதி லெட்சுமி எழுந்து நிற்கிறாள்.

"எந்திரிக்காதே! படுத்தே கெட!"

அவள் காதில் விழவில்லை. பிள்ளைகளை விட்டுவரும் ஆயாக்கொட்டகை ரோட்டுப் பக்கம் இருந்தது. எங்கள் மகள் செல்வி அங்கே. இரண்டு வயது. "பிள்ளை!" என்று கத்தினாள். ஓடினாள். ஐந்து அடி வைத்திருப்பாள். விழுந்தாள். வாளி கவிழ்ந்தது.

எந்தப் பக்கத்துக் குண்டு என்று தெரியாது. அன்றும் தெரியாது. இன்றும் தெரியாது. நான் கும்பிடும் முருகன் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

ஏழு ஐம்பதுக்குச் சத்தம் நின்றது. லாரி வந்தது. செத்துக் கிடந்த காட்டு ஆட்கள் இரண்டு பேரையும் லெட்சுமியையும் ஒன்றாக ஏற்றினார்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒரே தார்பாயில் கிடத்தினார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். நானும் தம்பி மாணிக்கமும் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். வெயில் ஏறியது. ஈ வந்தது. அவள் வாய் திறந்தே இருந்தது.

இரண்டு மணிக்குத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வந்து, இவள் எங்கள் ஆள், பால்வெட்டுக்காரி என்று கையெழுத்துப் போட்டார். உடலைக் கொடுத்தார்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டார்கள்.

"அதுல அவ படம் இருக்குங்கய்யா. வேற படமே கிடையாது" என்று கிராணியிடம் கெஞ்சினேன்.

"செத்தவங்க கார்டு ஆபீசுக்குப் போயாகணும்பா. நான் என்ன செய்ய?"

கல்யாணத்துக்கு நாங்கள் படம் எடுக்கவில்லை. ஜப்பான்காரன் காலம். மகளுக்குக் காட்ட எனக்கு ஒரு முகம் வேண்டும். அன்று அது ஒன்றுதான் மனசில் இருந்தது.

மாணிக்கம் ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் கோயில் சுவரில் சாமி வரைந்தவன். டவுனில் கடை போர்டும் எழுதுவான். சண்டைக்குப் பிறகு பெயிண்ட் இல்லை, போர்டு எழுதக் கூப்பிடுவாரும் இல்லை. பால்வெட்ட வந்தான். டவுன் சீனப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் இருந்தார். அவரும் தம்பியும் இன்னும் நாலைந்து பேரும் பலகையில் படம் செதுக்கினார்கள். சாயம் வேண்டாம், துணி வேண்டாம். பெட்டிப் பலகை, கரி மை, தேய்க்க ஒரு கரண்டி. ஒன்று செதுக்கினால், மை தடவித் தாள் வைத்துத் தேய்த்து நூறு தாள் எடுக்கலாம். பசித்தவன் பசியைச் சொல்ல இதுதான் வழி என்பாராம். அவரிடம் ஒரு புத்தகம். ஷாங்காயில் குண்டு விழுந்தபோது செதுக்கிய படங்கள். வெள்ளைக்கார தேசத்தில் பிள்ளையைச் சண்டைக்குக் கொடுத்த தாய்மார் படங்கள். நானும் ஒரு தடவை பார்த்தேன். எல்லாம் எலும்பு. எல்லாம் கறுப்பு. கும்பிட ஒரு முகம் இல்லை.

"இதை எதுக்குடா வரையணும்? நாமதான் தெனம் பாக்குறோமே."

"தெனம் பாக்குறதாலதாண்ணே யாரும் பாக்குறதில்ல."

அவசரகாலத்தின் முதல் வருஷமே வாத்தியாரைப் பிடித்துப் போனார்கள். புத்தகம் என்ன ஆனதோ. கைப்பழக்கம் மட்டும் தம்பியிடம் மிஞ்சியது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வந்து மணையைக் கேட்டான். கல்யாணத்தில் அவள் உட்கார்ந்த மணை. நான் அதிர்ந்துபோனேன்.

"அண்ணி முகம் வேணுமா வேண்டாமா? எனக்கு வேற நல்ல பலகை கெடைக்காது."

கொடுத்தேன். கால்களைக் கழற்றினான். பால்வெட்டும் உளியைத் தீட்டிக்கொண்டான். பிற்பகல்களில் கிணற்றடியில் உட்கார்ந்து செதுக்கினான். ஐந்து நாள். ஆறாம் நாள் பார்த்தேன். கவிழ்ந்த வாளி. நீட்டிய கை. அவளேதான். கண் திறந்திருந்தது. வாய் திறந்திருந்தது.

"வாயை மூடிடுடா. பொட்டு வை. ஒரு முழம் பூ வை. மகாலட்சுமி மாதிரி இருந்தவடா."

"கோயில் செவுரா இருந்தா வைப்பேன். இது அண்ணி. பிள்ளைன்னு கத்துன வாய்ண்ணே. அதை நான் எப்படி மூடுறது?"



பதினாறாம் நாள் கருமாதி. வைக்கப் படம் இல்லை. விளக்குக் கரியும் எண்ணெயும் குழைத்து, சீனி சுற்றும் தாளில், அகப்பையின் முதுகால் தேய்த்து எடுத்தான். மாலை போட்டுச் சுவரில் வைத்தோம். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். வாயைப் பார்த்து அழுதார்கள். பிறகு ஆளுக்கொன்று கேட்டார்கள். பூவோடும் பொட்டோடும் போனவள் எங்களுக்கு வீட்டுத் தெய்வம். வீட்டைக் காப்பாள். சுவரில் வைத்ததையும் சேர்த்துப் பன்னிரண்டு தாள்; எனக்குத்தான் பலகையே இருக்கிறதே. நானே வீடு வீடாகக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பாக்கியம், ஆறு மாதக் கர்ப்பம், வாங்கியதும் மாரியம்மன் பக்கத்தில் ஒட்டிக் குங்குமம் வைத்தாள்.

"எம்புள்ளைக்கு அக்கா காவல் இருக்கட்டும்லா."

இதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமிக் காரியம்தானே என்று நினைத்தோம்.

ஒரு தாள் காட்டுக்குப் போய்விட்டது. யார் வீட்டிலிருந்து போனதோ தெரியாது.

புரட்டாசி. செவ்வாய்க்கிழமை. காலை எட்டு நாற்பது. மரங்களுக்கு நடுவிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். ஒருவன் தமிழன். கையில் அந்தத் தாள். நேரே மாணிக்கத்திடம் வந்தார்கள்.

"நல்லா செதுக்கிருக்கே தோழா. ஆனா சுட்டவன் யாருன்னு காணோமே? ஒரு தொப்பி வை. பட்டாளத்துத் தொப்பி. ஆயிரம் தாள் நாங்க போடுறோம்."

"நான் பாக்கலீங்க."

"நாங்கதான் சொல்றோமே!"

"அப்ப நீங்களே செதுக்கிக்குங்க."

அதை அவன் சொல்லியிருக்க வேண்டாம். தமிழன் சிரித்துவிட்டான். மற்ற இரண்டு பேரும் சிரிக்கவில்லை. மாணிக்கத்தின் வலது கையை இழுத்து மரத்தில் வைத்தார்கள். பாராங் கத்தி. ஒரே வெட்டு. சத்தம் பெரிதாக இல்லை. ஈரக் கட்டையில் கோடாலி இறங்குகிற சத்தம். உளி பிடிக்கிற மூன்று விரலும் கீழே விழுந்தன. நான் இருபது அடியில் நிற்கிறேன். அவர்கள் போன பிறகுதான் என் வேட்டியைக் கிழித்துக் கட்டினேன்.

ஆறாம் நாள். காலை பத்து மணி. மூன்று லாரி சத்தம். காட்டில் சுட்டுக் கொன்ற ஒருவன் பையில் எங்கள் தாள் இருந்ததாம்.

"எல்லாரும் வெளிய வா! கையைத் தூக்கு!"

பலகை என் வீட்டு மூலையில் இருந்தது. ஒளித்து வைக்க நேரமில்லை. அம்மியில் அரைத்த மஞ்சள் இருந்தது. அள்ளினேன். பலகை முழுக்க அப்பினேன். முகம் மறைகிற மட்டும் அப்பினேன். குங்குமம் வைத்து மாரியம்மன் பக்கத்தில் நிறுத்தினேன். கதவு உடைந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய் துப்பாக்கி முனையால் பலகையைத் தட்டினான். பின்னால் நின்ற கிராணி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சாமி என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. விட்டுவிட்டான்.

மற்ற வீடுகளில் தாளைப் பிய்த்தார்கள். மாலையோடு பிய்த்தார்கள். பாக்கியம் விடவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"சாமிப் படம் துரை! பிய்க்காதீங்க துரை!"

துப்பாக்கிக் கட்டையால் இடித்தான். வயிற்றில் பட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள். சீலை நனைந்தது.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பட்டாளத்துத் துரை கேட்டார். கிராணி தமிழில் சொன்னார்.

"இதை யார் செஞ்சது, யார் வீடு வீடா குடுத்ததுன்னு கேக்குறாரு."

கொடுத்தது நான். செல்வி என் இடுப்பில் இருந்தாள். என் வாய் திறக்கவில்லை.

"ரெண்டும் நான்தான்" என்றான் மாணிக்கம்.

கட்டுப் போட்ட கையைத் துரை பார்த்தார். நடந்ததை மாணிக்கம் சொன்னான். துரை யோசித்தார். அப்படியானால் நல்லது, அவர்கள் தொப்பியை அதில் வை, சிவப்பு நட்சத்திரம் போட்டு வை, நாங்கள் ஊரெல்லாம் ஒட்டுகிறோம், நீ வீட்டுக்குப் போகலாம் என்றார்.

மாணிக்கம் கையை உயர்த்திக் காட்டினான். "வெரல் இருந்தாலும் முடியாதுங்கய்யா. யார் சுட்டதுன்னு நான் பாக்கல. அண்ணி செத்ததைத்தான் பாத்தேன்."

கிராணி அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். பிறகு சொன்னார். துப்பாக்கிக் கட்டை மாணிக்கத்தின் தாடையில் இறங்கியது. தாள்களைக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். சீனித் தாள். எரிய நேரமாகவில்லை.

லாரியில் ஏற்றும்போது திரும்பினான். "அண்ணே, பல..." என்று தொடங்கி நிறுத்தினான். சுற்றி எல்லாரும் இருந்தார்கள். "பாப்பாவப் பாத்துக்கண்ணே" என்றான்.

அவனை எட்டு மாதம் முகாமில் வைத்தார்கள். பிறகு கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அவன் இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அந்த மண்ணைக் கண்டதே இல்லை. கடிதம் வரவில்லை.

மஞ்சளை நான் கழுவவில்லை. வாரம் தவறாமல் சோதனை வரும். பயம். வெள்ளிக்கிழமைதோறும் அதன் மேலேயே புது மஞ்சள் வைத்தேன், எண்ணெய் வைத்தேன். பயம் போய்ப் பக்தியானது. எங்களை அவள்தான் காத்தாள் என்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

அவசரகாலம் முடிந்தபோது செல்விக்குப் பன்னிரண்டு வயது. அம்மா முகத்தைக் காட்டுங்கப்பா என்றாள். நல்ல நாள் பார்த்தேன். வெந்நீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தேன். மஞ்சளோடு மரமும் உதிர்ந்தது. எண்ணெய் ஊறி, கறையான் அரித்து, உள்ளே இற்றுப்போயிருந்தது. இருந்ததில் மை தடவி, தாள் வைத்து, அகப்பையால் தேய்த்தேன். என் தம்பி செய்த மாதிரியே செய்தேன். தாளை உரித்தேன். முழுக்கக் கறுப்பு. அடியில் மட்டும் வளைந்து இரண்டு கோடு.

செல்வி வெகுநேரம் பார்த்தாள். "இது வாளிப்பா. அம்மா எங்க?"

படிக்கிறவர்கள் மறக்கக் கூடாது என்று எண்ணிச் சொல்கிறேன். போனவர்கள்: என் பெண்சாதி லெட்சுமி. பாக்கியத்தின் பேர் வைக்காத பிள்ளை. தம்பி மாணிக்கம், இருக்கிறானா இல்லையா தெரியாது. அவன் விரல் மூன்று. அடையாள அட்டை ஒன்று, அதில் ஒட்டியிருந்த சின்னப் படம் ஒன்று. தாள் பன்னிரண்டு. அதில் பதினொன்று என் கண் முன்னால் எரிந்தது, ஒன்று சர்க்கார் கோப்பில் இருந்தால் இருக்கும். மணைப் பலகை ஒன்று.

அதில் என் தம்பி திறந்தே வைத்த வாய் ஒன்று. தொப்பி கேட்டு வந்த இரண்டு கூட்டமும் அதைத் தொடவில்லை. அதை மூடியது நான்.