போரு ஜேர்சி

பஸ்ஸு குலுங்குறதுல சரியாத் தெரியல, அந்த ஜேர்சிய இங்க குடுங்கண்ணே, நான் பாக்குறேன். நெஞ்சுல இருக்குற இது சிங்கமா? நல்லாப் பாருங்க. காய்ச்சல் வந்த நாயி மாதிரி நிக்குது. வாளு இருக்க வேண்டிய கையில அகப்பையப் புடிச்சிருக்கு. போருண்ணே, சுத்தப் போரு. இதுக்குச் சிங்களத்துல சொன்னாத்தான் பொருத்தமா இருக்கு. தமிழ்ல போலின்னு சொன்னா ஏதோ மரியாத குடுக்குற மாதிரி இருக்குல்ல.

யாருக்கு, புது மருமகனுக்கா? கிரிக்கெட் பைத்தியமா? நல்லாருக்கு போங்க. ஒருக்கா போட்டு வேர்த்தாப் போதும், நீலம் பூரா ஒடம்புல எறங்கிரும். மாமனாரு எடுத்துக் குடுத்ததுன்னு மாப்பிள்ள தோட்டத்து லயத்துல வீடு வீடாக் காட்டுவாரு.

இண்டர்நெட்டுல வாங்குனதுதானே? பாத்தாத் தெரியாதா எனக்கு. மகதான் எடுத்துக் குடுத்துச்சா? சரி, புள்ளைய ஏசாதீங்க. கம்பியூட்டர்ல பாக்குறப்ப பளபளன்னுதான் இருந்திருக்கும். அது இவன் சாமானோட போட்டோவே இல்லண்ணே. அசல் கம்பெனிக்காரன் போட்ட படத்தத் திருடி ஒட்டி வச்சிருக்கான். இனி வாங்குறதுன்னா ஒன்னு கேக்கச் சொல்லுங்க. சட்டைய உள்பக்கம் திருப்பி ஒரு போட்டோ எடுத்து அனுப்புன்னு கேக்கச் சொல்லுங்க. அனுப்ப மாட்டான். கேமரா ஒடஞ்சிருச்சும்பான், கரண்ட் இல்லம்பான். உள்பக்கம் பாத்தீங்களா இத? எண்ணெ காணாத தல மாதிரி நூலு தொங்குது.

வெலையக் கேட்டதுமே யோசிச்சிருக்கணும். கடைக்காரன் சொல்றதுல கால்வாசிக்கு எவனாவது தருவானா? இவன் என்ன அன்னதானமா போடுறான்? அட்ரஸ் இருந்துச்சா? இருக்காதே. ஒரு கைப்போன் நம்பரு மட்டும் இருந்திருக்கும். அதுக்குக் கீழ, அருமையான சாமான், சொன்ன மாதிரி வந்து சேந்துச்சுன்னு கொழும்புல ஒருத்தரு, கண்டியில ஒருத்தரு எழுதியிருப்பாங்க. எல்லாம் ஒரே ஆளு. பிளேன்டீய உறிஞ்சிகிட்டு, கால ஆட்டிகிட்டு, இவனே குந்தி எழுதுறது. எழுத்துப் பிழகூட எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கும். திருடுறதுக்கும் கொஞ்சம் மூள வேணுமே, அதுவும் கெடையாது.

திருப்பிப் போன் எடுத்தீங்களா? எடுபடலியா? எடுபடாது. அந்த நம்பரு இப்பப் பொலிசுல கேசாக் கெடக்கு. கேகாலப் பக்கம் ஒரு கிளப்புக்காரங்க டீமுக்கே ஜேர்சிக்குச் சொல்லி, மூட்டையப் பிரிச்சாங்களாம். உள்ள பூரா இந்த நாயிதான். சும்மா விடுவாங்களா? பொலிசு நம்பரத் தேடிப் பாத்தா பிரதீபன்னு ஒரு பேரு வந்துச்சு.

பிரதீபன் என்னோட தம்பிண்ணே.

ஐயோ, அவன் செய்யல. எஹலியகொடப் பக்கம் தோட்டத்துல றப்பர் பால் வெட்டுறவன். கம்பியூட்டர எந்தப் பக்கம் தெறக்கிறதுன்னே தெரியாது. ஐடென்டிக் கார்டக் குடுடா, ஒரு சிம்மு எடுக்கணும்னு சொந்தக்காரரு கேட்டாரு. நம்பிக் குடுத்துட்டான், இப்பப் பொலிசு இவனப் புடிச்சு உள்ள வச்சிருக்கு. வெறும் ஜேர்சிக் கேசுன்னாக் கவலையில்ல. தமிழ்ப் பொடியன் பேருல ஒரு சிம்மு, ஆனா அவன் கையில போன் இல்ல. அப்ப யாருக்கு எடுத்துக் குடுத்தேன்னுதான் கேக்குறாங்க. வடக்குல சண்ட நடக்குற இந்தக் காலத்துல அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்லணுமா ஒங்களுக்கு? அடி வேற. ஒரு காது சரியாக் கேக்கல அவனுக்கு. அப்பவும் வாயத் தொறக்கல. சொன்னா அக்கா குடும்பம் செதறிப் போயிருமாம்.

ஆமாண்ணே, அந்தச் சொந்தக்காரரு எங்க வீட்டுக்காரருதான்.

போயி உண்மையச் சொல்லுங்கன்னு கால்ல விழாத கொறையாக் கேட்டேன். சோத்தப் பெசஞ்சிகிட்டே, ஒன் தம்பி எளவட்டம், தாங்குவான், எனக்குப் பிரஷரு இருக்குன்னாரு. அப்புறம் ரசம் இருக்கான்னு கேட்டாரு. நானும் ஊத்துனேன். இந்த ஆளோட இனி ஒரு நாளும் குடும்பம் நடத்த ஏலாதுன்னு அப்பத்தான் தோணுச்சு. மறுநா அவரு வெளிய போனதும், கட்டிலுக்கு அடியில இருந்த கம்பெனி லேபல்ல ஒரு கட்டு, இந்தச் சிங்க பேட்ஜுல ஒரு பிடி எடுத்துகிட்டு தம்பி கேசப் பாக்குற லோயரம்மாகிட்டப் போனேன். றுகையான்னு பேரு, சோனகத்துப் புள்ள, முஸ்லிம். எல்லாத்தையும் எழுதி எடுத்தாங்க. கோர்ட்டுல வந்து இதையே சொல்லுங்க, முடிஞ்சா ஆளையும் கூட்டிட்டு வாங்கன்னாங்க.

எங்கயும் ஓடலண்ணே. அந்தா முன்னுக்கு, கம்பியப் புடிச்சிகிட்டு கண்டக்டர்கிட்ட கிரிக்கெட் ஸ்கோரு கேட்டுச் சிரிக்கிறாரே, வெள்ளச் சட்ட, அவருதான். டிரைவரு பாட்ட இந்தப் போடு போடுறாரு, நாம பேசுறது அங்க கேக்காது. தம்பிக்கு இன்னைக்குக் கோர்ட்டுல தவண, நீங்களும் வந்து ரெண்டு வார்த்த ஆறுதல் சொல்லுங்கன்னேன். நல்ல மனுசன்னு பேரெடுக்க அவ்வளவு ஆச. தல சீவி, பவுடரு போட்டுகிட்டுக் கெளம்பி வந்துட்டாரு.

ரொம்பப் பாக்காதீங்கண்ணே, சந்தேகப்படுவாரு.

ரத்தினபுரி வந்துருச்சு, கோர்ட்டு இங்கதான். கொஞ்சம் கால மடக்குங்க, நான் எறங்கணும்.

என்னங்க... என்னங்க, அந்தப் பக்கமா எறங்குங்க. நம்ம எடந்தான்.